இழுக்க இழுக்க இறுகும் உடை

ஸ்கூபா (காற்றுக் கலனைச் சுமந்து நீருக்குள் மூழ்குவது) பழகத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: மூழ்குவோர் அணியும் இறுக்கமான ரப்பர் உடையான வெட்சூட்டை மாட்டி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது, ஒரு அளவு பெரிதாக வாங்கினால் என்ன?

வேண்டாம். இறுக்கம்தான் வெட்சூட்டின் உயிர். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். அதைத் தடுப்பவை, நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழ்கள். 1950-களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கிய அமெரிக்க இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்டதும் இதைத்தான்: உடம்பு நனைந்தால் பரவாயில்லை, குமிழ்கள் காப்பாற்றும். ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அங்கேயே தங்க வேண்டும். உடை தொளதொளவென்று இருந்தால், நீங்கள் கையைக் காலை அசைக்கும்போதெல்லாம் உடம்பு சூடாக்கி வைத்த தண்ணீர் வெளியே போய், குளிர்ந்த தண்ணீர் உள்ளே வரும்.

சரி, இறுக்கமாகவே இருக்கட்டும். மாட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்? ரப்பர் மென்மையானது. தோலின் மேடுபள்ளங்களுக்கெல்லாம் வளைந்துகொடுத்து அப்பிக்கொள்ளும். தோல் லேசாக ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். ஈரத்தில் தோலின் மேலடுக்கு ஊறி இளகுவதால் ஒட்டும் பரப்பு கூடிவிடுகிறது. முழுக்க உலர்ந்த தோல் வழுக்கும், தண்ணீர் வழியும் தோலும் வழுக்கும், இரண்டுக்கும் நடுவே வேர்வை பூத்த தோல்தான் பிடித்துக்கொள்ளும். ஆரம்பகால உடைகளில் உள்ளே துணி கிடையாது. டால்கம் பவுடரைக் கொட்டித்தான் நுழைந்தார்கள். பிறகுதான் நைலான் துணியை ஒட்டும் வழக்கம் வந்தது.

ஆனால் உராய்வு பாதிக் கதைதான். மீதிப் பாதி எனக்கு மிகவும் பிடித்தது. அகலமான ரப்பர் பேண்டு ஒன்றை எடுத்து, அதன்மேல் பேனாவால் சின்னதாக ஒரு வட்டம் போடுங்கள். இப்போது இழுங்கள். வட்டம் நீள்கிறது, அதோடு ஒடுங்கவும் செய்கிறது. ஒரு திசையில் நீண்டால் குறுக்கே சுருங்குவது ரப்பரின் குணம். அதே ரப்பரைக் குழாயாக்கிக் காலில் மாட்டியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடுப்புப் பக்கம் பிடித்து மேலே இழுக்கும்போது குழாய் நீளவும் செய்கிறது, விட்டம் குறையவும் செய்கிறது. விட்டம் குறைந்தால் தோல்மேல் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் உராய்வும் கூடும். நீங்கள் பலத்தைக் கூட்டக் கூட்ட, அந்தப் பலமே உடையைக் காலோடு சேர்த்துப் பூட்டுகிறது. பலசாலிகளும் இங்கே தோற்பது இதனால்தான்.

அப்புறம் எப்படி ஏற்றுவது? பெரிய ஜமுக்காளத்தை ஒரு முனையில் பிடித்து இழுத்தால் அசையாது. முனையில் ஒரு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுமுனைவரை தள்ளிக்கொண்டே போனால் மொத்த ஜமுக்காளமும் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பாவாடைக்கு நாடா கோக்கும்போதும் துணியை ஊக்கின்மேல் சுருக்கிச் சுருக்கித்தானே தள்ளுகிறோம்! மடிப்பு இருக்கும் இடத்தில் ரப்பர் தோலைத் தொடுவதில்லை, அதனால் அங்கே உராய்வும் இல்லை. மொத்த உராய்வோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டாமல், ஒரு கீற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் நகர்த்துகிறோம். உலோகங்கள் ஏன் இவ்வளவு எளிதாக வளைகின்றன என்ற கேள்விக்கு 1934-இல் டெய்லர், ஓரோவான், போலானி என்ற அறிவியலாளர்கள் மூவரும் தனித்தனியாகக் கண்ட விடையும் இதே மடிப்புதான். அணுக்களின் அடுக்கு மொத்தமாகச் சரிவதில்லை. ஒரு பிசகு மட்டும் வரிசை வரிசையாக ஊர்ந்து போகிறது. செம்புக் கம்பிக்குள் நடப்பதை நம் கெண்டைக்காலில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

ஆகவே, உடையின் மேல்பாதியை இடுப்புவரை உள்வெளியாகத் திருப்பிக்கொள்ளுங்கள். பாதத்தில் மெல்லிய பாலித்தீன் பை ஒன்றை மாட்டிக்கொண்டால் குதிகால் வழுக்கிக்கொண்டு போய்விடும். உடையின் கால்விளிம்பைக் கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேயே நிறுத்துங்கள். பிறகு விரல்களின் சதைப்பகுதியால் (நகம் பட்டால் நியோப்ரீன் கிழியும்) கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளித் தூக்கி, மடிப்பை முழங்கால், தொடை என்று மேலே கொண்டுபோங்கள். இரு கால்களும் கவட்டையில் இடைவெளியில்லாமல் படியும்வரை தோள்பக்கம் போகவே கூடாது. பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். கீழே நாலு விரல் இடம் விட்டிருந்தால் மேலே ஜிப்பு ஏறாது. கைகளுக்கும் அதே பை, அதே கிள்ளல்.

உள்ளே துணியில்லாத உடை என்றால் தண்ணீரில் கரைத்த தலைமுடிக் கண்டிஷனரைத் தாராளமாக ஊற்றுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பரையும் பசையையும் கெடுத்துவிடும். கழுத்துப்பட்டி மட்டும் அளவுக்கு மீறி இறுக்கினால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். கழுத்து நாளத்தின் அழுத்த உணரிகள் தூண்டப்பட்டு இதயத் துடிப்பு குறையும், தலை சுற்றும். ஆழத்தில் அது ஆபத்து.

உராய்வை ஒரு தனி அறிவியலாகப் பார்க்க வேண்டும் என்று பிரிட்டனில் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது 1966-இல். உராய்வையும் தேய்மானத்தையும் குறைத்தாலே அந்நாட்டுக்கு ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சமாகும் என்றது அந்த அறிக்கை. ஆனாலும் விண்வெளிக்குக் கிடைக்கும் ஆர்வத்தில் ஒரு பங்குகூட உராய்வியலுக்குக் கிடைப்பதில்லை என்பது என் வருத்தம். மூட்டு மாற்றுக்கும் டயருக்கும் செயற்கைக் காலுக்கும் இதே கேள்விகள்தான். பணம் ஒதுக்குவோர் இந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது எதையும் இழுக்காதீர்கள். தோளிலிருந்து உள்வெளியாக உரித்துக்கொண்டே வாருங்கள். உரியும் இடத்தில் ரப்பர் தோல்மேல் சறுக்குவதே இல்லை, அப்படியே பிரிந்து விலகுகிறது. உரித்த நிலையிலேயே உலரப்போட்டால், அடுத்த முறைக்கு மேல்பாதி ஏற்கெனவே திருப்பித் தயாராக இருக்கும்.