சொல் விளக்கம்: வேற்றுக்கிரகவாசியா, வேற்றுலக உயிரா?

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து கேட்பதற்கென்று விண்வெளி பற்றிய அறிவியல் உரையொன்று அண்மையில் ஒரு மாலை நடந்தது. பேச்சாளர் விடயம் அறிந்தவர். கொண்டுவந்த படங்களும் நல்லவை. சனிக் கோளின் துணைக்கோளாகிய என்செலடசின் தென்முனையிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடும் படத்தைத் திரையில் காட்டி, "இங்கே வேற்றுக்கிரகவாசிகள் வாழக்கூடும்" என்றார். எனக்கு முன்வரிசையில் தாயின் மடியில் சாய்ந்திருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "சேர், அவை என்ன மொழி கதைப்பினம்?" என்று கேட்டாள். மண்டபம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொல் எதைச் சொன்னதோ அதைத்தான் அவள் கேட்டாள்.

வேற்றுக்கிரகவாசி என்று நாம் மொழிபெயர்க்கும் எக்ஸ்ட்ராடெரஸ்ட்ரியல் என்ற ஆங்கிலச் சொல், 'வெளியே' என்றும் 'நிலம், புவி' என்றும் பொருள்படும் இரண்டு இலத்தீன் சொற்களிலிருந்து வந்தது. புவிக்கு வெளியே உள்ளது என்பதே அதன் நேர்ப்பொருள். கோள் என்றோ குடியிருப்பவர் என்றோ அதில் எதுவும் இல்லை. தமிழில் அவை இரண்டும் வந்து ஒட்டிக்கொண்டன.

முதலில் கிரகத்தை எடுத்துக்கொள்வோம். பிடித்தல், பற்றுதல் என்னும் பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்தது அது. கிரகணமும் அதே வேர்தான். தமிழின் 'கோள்' என்பதும் 'கொள்' என்பதிலிருந்து அதே கருத்தில் பிறந்தது என்பதும், பட்டினப்பாலையிலேயே 'கோள்மீன்' இருக்கிறது என்பதும் ஒருபுறம் இருக்கட்டும். நம்மூரில் கிரகம் என்றால் சோதிடம். "எனக்கு இப்ப கிரகம் சரியில்லை" என்று சொல்லாத வீடு வன்னியில் இல்லை. சிவன் கோயிலில் நாம் சுற்றிவரும் ஒன்பது கிரகங்களுள் சூரியனும் சந்திரனும் இராகுவும் கேதுவும் உண்டு, புவி இல்லை. புவியே கிரகமல்லாத ஒரு கணக்கில் 'வேற்றுக் கிரகம்' எதற்கு வேறானது? அதைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. உயிரைத் தேடி இன்று அறிவியலாளர் கண் வைத்திருக்கும் இடங்களிற் பல கோள்களே அல்ல. என்செலடசு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் குறுக்களவுள்ள ஒரு துணைக்கோள். அதன் பீறல்களைக் கசினி விண்கலம் 2005இல் கண்டது. 2024 ஒக்டோபரில் ஏவப்பட்டு 2030இல் வியாழனை அடையவிருக்கும் விண்கலம், பனிப்பாறைக்கு அடியில் கடலிருப்பதாகக் கருதப்படும் யூரோப்பாவை ஆராயப் போகிறது, அதுவும் துணைக்கோளே.

ஆனாலும் கிரகத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், 'வாசி'யைப் பொறுக்க முடியாது. கிராமவாசி, நகரவாசி, ஆதிவாசி என்று நாம் வழங்குவதெல்லாம் மனிதரை. இரணைமடுக் குளத்தில் முதலை உண்டு. அதை எவரும் இரணைமடுவாசி என்று அழைத்ததில்லை. தவளையைக் குறிக்க நம் பாடநூலார் 'ஈரூடகவாழி' என்று ஆக்கினார்கள். ஈரூடகவாசி என்று ஆக்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்குத் திணை தெரிந்திருந்தது. வாசி என்றதும் அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது. பேச்சாளரும் அறியாமலே அதற்கு இழுபட்டு, "அவர்கள் பனிக்கடியில் இருக்கிறார்களா என்று தேடுகிறோம்" என்று தொடர்ந்தார். தேடப்படுவது, கிடைத்தால், பெரும்பாலும் ஒரு நுண்ணங்கி. பற்றீரியாவுக்கு 'ஆர்' விகுதி கொடுக்கும் பண்பு நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் மொழி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

இதிற் பேச்சாளரை மட்டும் நோவது நியாயமில்லை. வெள்ளிக் கோளின் முகில்களில், உயிரின் அடையாளமாக இருக்கக்கூடிய பொசுபீன் வாயுவின் சுவடு தெரிந்ததாக 2020இல் அறிவிக்கப்பட்டு, அது பின்னர் சர்ச்சைக்குள்ளானபோதும், நம் செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் கைக்கு வந்த ஒரே சொல் இதுதான். ஒரு வாயுவுக்கும் வாசிப் பட்டம். ஆங்கிலத்தில் உயிர் என்று இருக்கும், உயிரின் அடையாளம் என்று இருக்கும், அறிவுள்ள பிறவி என்று இருக்கும். மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல்லைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். 'செய்மதி' போன்ற ஒரு சொல்லை ஆக்கி நாள்தோறும் வழங்கும் நாட்டிலே இந்தச் சோம்பல் ஆகாது.

'புறப்புவி உயிர்' என்று சிலர் எழுதலாம் என்கிறார்கள். வடிவம் தமிழ்தான். ஆனால் புறத்தோல் என்றால் தோலின் வெளி அடுக்கு. அந்தப் பழக்கத்தில் புறப்புவி என்பது புவியின் மேற்பரப்பாகிவிடும், அங்கே வாழ்வது நாமும் நம் மாடுகளும்.

என் விருப்பம் 'வேற்றுலக உயிர்'. உலகு என்பது கோளையும் துணைக்கோளையும் ஒருங்கே அடக்கும். உயிர் என்பதோ, புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வைத்து ஆறறிவு வரை எண்ணிய தொல்காப்பிய மரபில், நுண்ணங்கிக்கும் இடம் விட்டிருக்கும் சொல். இதற்கு ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை: வீட்டில் இதைச் சொல்லிப் பார்த்தபோது என் பெரியம்மா, "செத்தவை போற இடமோ, தம்பி?" என்று கேட்டார். மேலுலகம், கீழுலகம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது இயல்பே. இருந்தாலும் "சனியைச் சுற்றுகிற இன்னோர் உலகம், பெரியம்மா" என்ற ஒரு வரியில் அந்தக் குழப்பம் தீர்ந்தது. வாசியின் குழப்பம் ஒரு வரியில் தீர்வதில்லை.

அறிவுள்ள பிறவிகளையே குறிக்கவேண்டிய இடத்தில் 'வேற்றுலகத்தவர்' என்று உயர்திணையில் எழுதலாம். 1974இல் அரசிபோ வானொலித் தொலைகாட்டியிலிருந்து, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் கொத்தொன்றை நோக்கி அனுப்பிய செய்தி அவர்களுக்கானது. சிறுமியின் கேள்வியும் அங்கேதான் பொருந்தும். அனுப்பியவர்களும் அதே கேள்விக்கு முகம் கொடுத்து, எந்த மொழியையும் நம்பாமல், ஒன்று முதல் பத்து வரையான எண்களிலிருந்து தொடங்கி, இரண்டே குறிகளால் ஆன 1,679 இலக்கங்களை அனுப்பினார்கள்.