ஊசி முனை டிப்பும் உரிந்துபோன பேடும்

எஸ்எம்டி, அதாவது போர்டின் மேற்பரப்பிலேயே பற்றவைக்கும் பொடிப் பாகங்களின் வேலையில் புதிதாக இறங்குபவர்கள் சால்டரிங் அயர்னுக்கு முதலில் வாங்குவது ஊசி முனை டிப்தான். பாகம் பொடிசு, டிப்பும் பொடிசாக இருக்கட்டும் என்ற நினைப்பு. பேட் (பாகத்தைப் பற்றவைக்கும் செம்புத் திட்டு) உரிந்து என்னிடம் பழுதுக்கு வரும் போர்டுகளில் பலவற்றுக்கு ஆரம்பம் அதுவே. ஊசி முனையில் உலோகம் குறைவு. பேடைத் தொட்டதுமே சூடு இறங்கிவிடும். பற்றவைக்கும் உலோகமான சால்டர் உருகவில்லையே என்று சால்டரிங் ஸ்டேஷனை 450 டிகிரிக்கு ஏற்றி, பத்து விநாடி அழுத்திப் பிடிப்பார்கள். செம்பைப் போர்டோடு பிடித்திருக்கும் பிசின் எவ்வளவுதான் தாங்கும்?

ஈயம் கலந்த 63/37 சால்டர் (63 சதவீதம் வெள்ளீயம், 37 சதவீதம் ஈயம்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். ஈயமில்லாத எஸ்ஏசி305 வகை சால்டர் உருகத் தொடங்குவது 217-ல். ஆகவே 2 மி.மீ. அகலமுள்ள உளி முனை டிப்பை 320 முதல் 350 வரை வைத்தால் தாராளம். இரண்டு மூன்று விநாடிக்குள் முடியவில்லையா, கையை எடுத்து ஆறவிட்டு மறுபடி முயலுங்கள்.

உலோகப் பரப்பைத் துப்புரவாக்கி சால்டரை ஒட்டவைக்கும் ஃப்ளக்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சால்டர் கம்பிக்குள்ளேயே ஃப்ளக்ஸ் உண்டுதான். ஆனால் டிப்பில் சால்டரை ஏந்திக்கொண்டு போகும்போது அது பேடைத் தொடும் முன்பே புகைந்து போய்விடும். ஒரு பேடில் துளி சால்டர் வைத்து, மேலே ஃப்ளக்ஸ் தடவி, அதை உருக்கியபடியே ட்வீசரால் பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளி உட்காரவையுங்கள். பாகம் போர்டில் தட்டையாகப் படிந்திருந்தால் மறுபக்கத்தையும் பற்றவையுங்கள்.

ரெசிஸ்டர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். செராமிக் கெப்பாசிட்டர் பொறுக்காது. டிப் அதன் உடலில் பட்டால், சூடான கண்ணாடியில் தண்ணீர் தெளித்த கதைதான். விரிசல் பெரும்பாலும் கெப்பாசிட்டரின் இரு ஓரத்திலும் உள்ள உலோகப் பூச்சுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அன்றைக்கு மீட்டரில் அளவு சரியாகவே காட்டும். அப்புறம் ஈரப்பதம் உள்ளே இறங்கி, மாதங்கள் கழித்துக்கூட ஷார்ட் ஆகலாம். சப்ளை லைனில் இருந்தால் கருகவும் செய்யும். அதனால்தான் கழற்றிய செராமிக் கெப்பாசிட்டரை நான் திரும்பப் போடுவதில்லை. புதியதைப் போடும்போதும் போர்டை முதலில் 100 முதல் 150 டிகிரி வரை மெதுவாகச் சூடேற்றிக்கொள்வேன். முடித்ததும் வாயால் ஊதுவதும் ஸ்பிரிட்டால் உடனே துடைப்பதும் கூடாது, தானாக ஆறட்டும்.

பெரிய கிரவுண்டு செம்புப் பரப்போடு சேர்ந்த பேடுக்கும் இதே முன்சூடுதான் வழி. ஹாட் ஏர் (சூடான காற்றை ஊதும் கருவி) என்றால் ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுற்றிக்கொண்டே இருங்கள். பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டரைச் சூடு தாங்கும் காப்டன் டேப்பால் மூடிவிடுங்கள்.

ஐசியின் பிளாஸ்டிக் உறை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தால் கெடும் தன்மையைக் குறிக்கும் எம்எஸ்எல் எண் 3 என்று அச்சிட்ட பையைப் பிரித்தால், 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதத்துக்கு உட்பட்ட இடத்தில் 168 மணி நேரம்தான் கெடு. அதைத் தாண்டியதை அப்படியே சூடாக்கினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி உறையைப் பிளக்கும். தொழிலில் இதற்குப் பாப்கார்ன் என்றே பெயர். ஓவனில் உலர்த்திய பிறகே போட வேண்டும்.

சூட்டுக்குப் பயந்து 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த சால்டர் பேஸ்டுக்குப் போகிறவர்களும் உண்டு. எல்இடிக்கு நல்லதுதான், ஆனால் இணைப்பு சீக்கிரம் உடையும். பேடில் பழைய ஈயச் சால்டர் மிச்சமிருந்தால் சுத்தமாக உறிஞ்சி எடுத்துவிடுங்கள்; இரண்டும் கலந்தால் 96 டிகிரியிலேயே உருகும் கலவை உண்டாகிவிடும்.