வேற்று நாட்டுச் சத்தியப்பிரமாணமும் கல்லடி வளவும்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆட வருகிற வெளிநாட்டு உறவுகளில் பலர், வந்த கையோடு காணி அலுவலையும் முடித்துவிட்டுப் போக நினைப்பார்கள். ஆடியும் ஆவணியும் மட்டக்களப்பில் சட்டத்தரணிகளுக்கும் நொத்தாரிசுமாருக்கும் ஓய்வில்லாத மாதங்கள். அந்த நாட்களில் காணி உறுதி எழுத வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இப்ப நீங்க எந்த நாட்டுப் பிரஜை?"

சிலருக்கு இந்தக் கேள்வியே கோபத்தை வரவழைக்கும். "நான் பிறந்தது ஆரையம்பதி, மிஸ். ஐடென்டி காட் இருக்கு, பழைய பாஸ்போட்டும் இருக்கு. பிறகென்ன?" என்பார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. பிறந்த மண்ணில் நின்றுகொண்டு நீ யார் என்று கேட்டால் யாருக்கும் நெஞ்சு சுடும். ஆனால் சட்டம் பார்ப்பது பிறந்த ஊரை மட்டுமல்ல.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, வம்சாவழியால் இலங்கைப் பிரஜையாக இருக்கும் ஒருவர் தன் விருப்பத்தோடு வேறொரு நாட்டின் பிரஜையாகும்போது அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை இல்லாமல் போகிறது. இதற்கென்று வழக்கு வைக்க வேண்டியதில்லை, அரசாங்கம் கடிதம் அனுப்ப வேண்டியதுமில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ கையை உயர்த்திச் சத்தியப்பிரமாணம் செய்த அந்த நாளிலேயே அது முடிந்துவிடுகிறது. அடையாள அட்டை பணப்பையில் அப்படியே இருக்கும், இலங்கைப் பாஸ்போட்டில் இன்னும் சில வருடம் மிச்சமிருக்கும், வாக்காளர் இடாப்பில் பெயர்கூட இருக்கலாம். இவை எதுவும் போன உரிமையைத் திருப்பித் தராது. உரிமை போன பிறகு அந்தப் பாஸ்போட்டைக் காட்டி நாட்டுக்குள் வருவதும் போவதும் குற்றம்.

இது காணியில் எப்படி வந்து இடிக்கிறது என்பதை ஒரு கோப்பை வைத்தே சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கனடாவில் நெடுங்காலம் இருந்த ஒருவர் கல்லடியில் ஒரு வளவு வாங்கினார். உறுதியில் தன்னுடைய அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தார். விற்றவரும் கேட்கவில்லை, எழுதியவரும் கேட்கவில்லை. காணிப் பதிவகத்தில் பதிவும் ஆகிவிட்டது. சுற்றுமதில் கட்டி, கிணறு வெட்டி, தென்னம்பிள்ளையும் வைத்தார். சில வருடங்களுக்குப் பிறகு மகளின் படிப்புக்காக விற்க வந்தபோது, வாங்க வந்தவர் வங்கிக் கடன் கேட்டிருந்தார். வங்கியின் சட்டத்தரணி உறுதிகளைப் பார்த்துவிட்டு, வளவுக்காரரின் கனேடியப் பிரஜாவுரிமைச் சான்றிதழைக் கேட்டார். சான்றிதழையும் உறுதியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திகதியைப் பார்த்தோம். சத்தியப்பிரமாணம் முதலில், உறுதி பிறகு. இடைவெளி ஒரு மழைக்காலம்கூட இல்லை. உறுதி எழுதிய நாளில் அவர் சட்டப்படி வெளிநாட்டவர்.

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் இலங்கைப் பிரஜை அல்லாதவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. 2013 ஜனவரி 1 முதல் நடந்த கைமாற்றங்களையும் அது பிடிக்கிறது. தடையை மீறி எழுதிய உறுதிக்குச் சட்ட வலு இல்லை. அப்படியானால் கல்லடி வளவு யாருடையது? சட்டப்படி அது இன்னும் விற்றவருடையதே. நல்ல காலம், விற்றவர் உயிரோடு இருந்தார், நேர்மையான மனிதராகவும் இருந்தார். கனடாக்காரர் இரட்டைப் பிரஜாவுரிமை பெற்ற பிறகு புதிதாக ஒரு உறுதி எழுதிக் கொடுத்தார். விற்றவர் காலமாகி, பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தைப் பற்றித் தேவையில்லாத பயமும் ஊரில் பரவியிருக்கிறது. பிரஜாவுரிமை போனால் இருக்கிற காணியும் போய்விடும் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. நீங்கள் இலங்கைப் பிரஜையாக இருந்தபோது முறையாக வாங்கிய காணி உங்களுடையதே, வைத்திருக்கலாம், விற்கலாம். தாய் தகப்பனின் காணி முதுசமாக வருவதற்கும், மரணசாசனத்தாலோ நன்கொடையாகவோ நெருங்கிய உரித்தாளிக்கு வருவதற்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. நமது பக்கம் மகளுக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம். சுவிஸ் பிரஜையான மகளுக்கு அம்மா தன் வீட்டை நன்கொடை உறுதியாக எழுதலாம். ஆனால் அதே மகளுக்குப் பக்கத்து வளவுக்காரர் விலைக்கு விற்க முடியாது. இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடையே கிடையாது. மற்றவர்களுக்குக் குத்தகை வழி உண்டு. 99 வருடம் வரை எழுதலாம். அடுக்குமாடி வீடுகளுக்கும் தனி விலக்கு இருக்கிறது, ஆனால் இங்கே வளவு தேடுகிறவருக்கு அதனால் பயனில்லை.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் வயல்கள் இன்னொரு கதை. அவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. பிரதேச செயலகத்தின் அனுமதி இல்லாமல் வெறும் முத்திரைக் கடதாசியில் எழுதி வாங்கிய பெர்மிட் காணிக்கு, நீங்கள் எந்த நாட்டுப் பிரஜையாக இருந்தாலும், கையில் எதுவும் இல்லை என்றே அர்த்தம்.

அடுத்த குழப்பம் நிரந்தர வதிவிடத்துக்கும் பிரஜாவுரிமைக்கும் இடையில். "கனடா காட் கிடைச்சிற்று" என்று ஊருக்குச் சொல்லும்போது எல்லாம் ஒன்றாகவே கேட்கும். ஆனால் கனடாவின் பி.ஆர். அட்டை, சுவிஸின் 'சி' பெர்மிட், பிரித்தானியாவின் காலவரையற்ற வதிவிட அனுமதி ஆகியவை அந்த நாட்டில் வாழ விடும் உரிமைகள் மட்டுமே. இவற்றை வைத்திருப்பவர் இன்னும் முழு இலங்கைப் பிரஜை. காணி வாங்கத் தடையில்லை. அதே நேரம் இந்த உரிமைகளுக்கு அந்தந்த நாட்டில் நிபந்தனையும் உண்டு. கனடா பி.ஆர். உள்ளவர் ஐந்து வருடத்தில் 730 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும். பிரித்தானிய வதிவிட அனுமதி பொதுவாக இரண்டு வருடம் தொடர்ந்து வெளியே இருந்தால் போய்விடும். சுவிஸ் 'சி' பெர்மிட் முன்கூட்டியே அறிவிக்காமல் ஆறு மாதம் வெளியே இருந்தாலே அற்றுப்போகும். அம்மாவைப் பார்க்க வந்து, அம்மா பாயோடு கிடக்கிறார் என்று மாதக்கணக்கில் தங்கிவிடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும்.

அகதியாகப் போய்ப் பி.ஆர். பெற்றவர்கள் இன்னும் ஒருபடி கவனமாக இருக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போட்டைப் புதுப்பித்து ஊருக்கு வந்து போனால், எந்த நாட்டுக்குப் பயந்து ஓடினேன் என்று சொன்னாரோ அந்த நாட்டின் பாதுகாப்பை மீண்டும் ஏற்றுக்கொண்டார் என்று கனடா கொள்ளலாம். 2012 டிசம்பரில் வந்த சட்ட மாற்றத்துக்குப் பிறகு, அகதி நிலையோடு பி.ஆர். நிலையும் சேர்ந்தே போகக்கூடும். சுவிஸில் அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் சொந்த நாட்டுக்குப் பயணம் செய்வதற்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. செத்தவீடு என்றாலும் கொக்கட்டிச்சோலைத் தேர் என்றாலும், டிக்கெட் எடுக்க முதல் அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். அந்த நாட்டுப் பிரஜையான பிறகு வருவது வேறு விஷயம்.

இனி இரட்டைப் பிரஜாவுரிமை. 1987இல் சட்டத்திருத்தம் ஒன்றின் மூலம் இந்த வாய்ப்பு வந்தது. 2011இல் விண்ணப்பம் எடுப்பதை நிறுத்தி, 2015இல் மீண்டும் தொடங்கினார்கள். இரண்டு வாசல்கள் இருக்கின்றன. வேற்று நாட்டுப் பிரஜாவுரிமையை எடுக்க முதலே, இலங்கைப் பிரஜாவுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிப்பது ஒன்று. எடுத்து இழந்த பிறகு அதை மீளப் பெற விண்ணப்பிப்பது மற்றது. முதல் வாசல் இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. கனடாப் பிரஜாவுரிமைக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் இதை வாசித்தால், அதைப் பற்றி இப்போதே விசாரியுங்கள். 55 வயது தாண்டியவர்கள், கல்வி அல்லது தொழில் தகைமை உள்ளவர்கள், இலங்கையில் சொத்தோ வைப்புப் பணமோ உள்ளவர்கள், இலங்கைப் பிரஜையை மணந்தவர்கள் என்று வகைகள் இருக்கின்றன. விண்ணப்பம் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போகும். வெளிநாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள தூதரகத்தில் கொடுக்கலாம். கிடைத்த நாளிலிருந்துதான் அது செல்லும். அதற்கு முதல் எழுதிய பிழையான உறுதியைத் தானாகத் திருத்தித் தராது.

மற்ற நாடு இதை அனுமதிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கனடாவும் பிரித்தானியாவும் சுவிஸும் அனுமதிக்கின்றன. நோர்வே 2020இலிருந்தும் ஜெர்மனி 2024 ஜூனிலிருந்தும் அனுமதிக்கின்றன. இந்தியா அனுமதிப்பதில்லை.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் இடறி விழுவது பெயரிலும் பிறந்த திகதியிலும்தான். தொண்ணூறுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்கள் எந்தப் பெயரில் போக முடிந்ததோ அந்தப் பெயரில் போனார்கள். பிறந்த திகதி தெரியாமல் ஜனவரி 1 என்று கொடுத்தவர்கள் உண்டு. தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, தன் பெயர் நடுவில் போய், ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். 2004 சுனாமியில் வீட்டோடு சேர்த்துக் கடதாசிகளையும் பறிகொடுத்த குடும்பங்கள் திருக்கோவிலிலிருந்து நாவலடி வரை இருக்கின்றன. பிறப்புப் பதிவே இல்லாமல், வயதை அனுமானித்துக் கொடுத்த சான்றிதழோடு இருப்பவர்களும் உண்டு.

இதற்கு வழி இருக்கிறது. முதலில் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் புதுப் பிரதி ஒன்றை எடுத்து, எழுத்தெழுத்தாக வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பதிவாளர் மூலம் திருத்துங்கள். வெளிநாட்டுக் கடதாசியில் பிழை இருந்தால் அங்கே திருத்துங்கள். இரண்டும் முடியாதபோதுதான், இரண்டு கடதாசியிலும் உள்ளவர் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி. தரகர் ஒருவர் பொருத்தமான பிறப்புச் சான்றிதழ் ஒன்றைச் செய்து தருகிறேன் என்று வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பொய்யான கடதாசியில் பெற்ற பிரஜாவுரிமையை இரண்டு நாடுகளும் பிற்காலத்திலும் பறிக்க முடியும்.

பிள்ளைகளின் விஷயத்தில்தான் எனக்கு மனம் அதிகம் கனக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை, பிறந்த நாளில் தாயோ தகப்பனோ இலங்கைப் பிரஜையாக இருந்தால் மட்டுமே இலங்கைப் பிரஜையாகலாம். பிறப்பை ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலோ கொழும்பிலோ பதிய வேண்டும். பிந்தினால் காரணம் காட்டி அமைச்சரின் அனுமதியோடு பதியலாம். 2003இல் 16ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை, சட்டப்படி மணம் முடித்த பெற்றோரின் பிள்ளைக்குத் தகப்பன் வழியாக மட்டுமே உரிமை வந்தது. இப்போது தாய் வழியாகவும் வரும்.  கனடாவில் பிறந்து இரண்டு நாட்டு உரிமையும் பிறப்பிலேயே பெற்ற பிள்ளை 22 வயதாகும்போது இலங்கை உரிமையை இழக்க நேரும், ஆகையால் அதற்கு முதலே என்ன செய்யலாம் என்று கேட்டு வையுங்கள்.

வளைகுடாவில் பிறந்த பிள்ளைக்கு நிலைமை இன்னும் கூர்மையானது. காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று எத்தனையோ ஊர்களிலிருந்து குடும்பத்தோடு சவூதியிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். அங்கே எத்தனை வருடம் உழைத்தாலும், அந்த மண்ணில் பிறந்தாலும், இலங்கைப் பெற்றோரின் பிள்ளைக்கு அந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்காது. இலங்கைப் பதிவும் இல்லையென்றால் பிள்ளை எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை. ஊருக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதோ, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதோதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அரபுத் துண்டு மட்டும் கையில் இருக்கும். அந்த நாட்டு அரசின் பிறப்புச் சான்றிதழை எடுங்கள். பெற்றோரின் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றோடு பிள்ளைக்கு ஒரு வயது ஆக முதல் தூதரகத்துக்குப் போங்கள். ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டவர்கள் அந்த அரபுத் துண்டையும், பிள்ளை பிறந்த காலத்தில் பெற்றோர் வைத்திருந்த பழைய பாஸ்போட்டுகளையும் எறிந்துவிடாமல் கொண்டு வாருங்கள். கொழும்பில் பிந்திய பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது, பிறந்த நாளில் பெற்றோர் யாராக இருந்தார்கள் என்பதைக் காட்டப் போவது அவைதான்.