போட்டியாளரின் கீவேர்டு ரிப்போர்ட்: பணம் போடும் முன் அதை எப்படிப் படிப்பது?

கூகுளில் விளம்பரம் கொடுக்க வருபவர் கடைக்காரரோ, டாக்டரோ, கோச்சிங் சென்டர் நடத்துபவரோ, முதல் சந்திப்பிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். "நமக்குப் போட்டியா இருக்கிறவங்க எந்தெந்த கீவேர்டுல விளம்பரம் போடறாங்க, மாசம் எவ்வளவு செலவு பண்றாங்கன்னு எடுத்துக் குடுக்க முடியுமா சார்?" கீவேர்டு என்றால், எந்தத் தேடலுக்குத் தன் விளம்பரம் வர வேண்டும் என்று விளம்பரதாரர் தேர்ந்தெடுக்கும் வார்த்தை. சிலர் கையில் ஒரு ரிப்போர்ட்டோடே வருவார்கள். ஏதாவது ஒரு ஏஜென்சி இலவசமாக எடுத்துக் கொடுத்திருக்கும். போட்டியாளரின் பெயர், பக்கம் பக்கமாகக் கீவேர்டுகள், முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் ரூபாய்க் கணக்கு. அந்தத் தொகையைப் பார்த்து மிரண்டு, தன் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கத் தயாராக வந்து உட்காருபவர்களும் உண்டு.

அந்தத் தொகை வெறும் மதிப்பீடு. செம்ரஷ், ஸ்பைஃபு, ஏரெஃப்ஸ் போன்ற டூல்கள் எதற்கும் இன்னொருவருடைய கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் எட்டிப் பார்க்க வழி கிடையாது. அவை செய்வது இதுதான்: தங்களிடம் இருக்கும் மிகப் பெரிய கீவேர்டு பட்டியலை எடுத்துக்கொண்டு, அவ்வப்போது ஒவ்வொன்றையும் கூகுளில் தேடிப் பார்க்கும். அந்த நேரத்தில் யாருடைய விளம்பரம், எத்தனையாவது இடத்தில் வந்தது என்று குறித்துக்கொள்ளும். அப்புறம் அந்த வார்த்தையை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்த இடத்துக்கு எத்தனை கிளிக் விழலாம், ஒரு கிளிக் என்ன விலை போகும் என்று மூன்று ஊகங்களைப் பெருக்கி ஒரு தொகையைக் காட்டும். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஜவுளிக்கடைக்குள் போகிறவர்களை எண்ணி, அந்தக் கடையின் வரவு செலவைச் சொல்வது மாதிரியான கணக்கு அது. உள்ளே போனவர் புடவை எடுத்தாரா, ஏசிக்காக ஒதுங்கினாரா என்று டீக்கடையிலிருந்து தெரியாது.

உள்ளூர் வியாபாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் தடுமாறும். கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் மருத்துவமனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்தைச் சுற்றுவட்டாரத்துக்கு மட்டும், காலை ஒன்பதிலிருந்து இரவு எட்டு வரை, மொபைலுக்கு மட்டும் என்று அவர்கள் வைத்திருக்கலாம். டூல் தேடுவது பெரும்பாலும் 'இந்தியா' என்ற பொதுவான கணக்கில். அப்படியானால் அந்த விளம்பரம் டூலின் கண்ணில் படாமலேயே போகலாம். ரிப்போர்ட்டில் "பெய்டு கீவேர்டு: 0" என்று வரும். அதை நம்பி, ஏரியாவில் போட்டியே இல்லை என்று இறங்கினால், முதல் வாரத்து கிளிக் விலை வேறு கதை சொல்லும்.

தொகையை விட ஆபத்தானது அந்தக் கீவேர்டு பட்டியல்தான். ரிப்போர்ட்டில் இருக்கும் வார்த்தைகள் போட்டியாளர் விலை கொடுத்து வாங்கியவை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அவை, அவருடைய விளம்பரம் எந்தத் தேடலுக்கு வந்து நின்றதோ அந்தத் தேடல்கள். இரண்டும் ஒன்று அல்ல. அவர் பிராட் மேட்ச்சில் 'பல் மருத்துவர்' என்ற ஒரே கீவேர்டைப் போட்டிருந்தால், கூகுள் தனக்குத் தொடர்புடையதாகத் தோன்றும் தேடலுக்கெல்லாம் அதைக் காட்டும். 'பல் வலி வீட்டு வைத்தியம்' என்ற தேடலுக்கும் காட்டும், 'பல் மருத்துவப் படிப்பு ஃபீஸ்' என்பதற்கும் காட்டும். டூல் அதையும் பட்டியலில் சேர்த்துவிடும். அந்த மருத்துவமனைக்காரர் மறுவாரமே அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு நெகட்டிவ் கீவேர்டில் ('இந்தத் தேடலுக்குக் காட்டாதே' என்ற பட்டியலில்) சேர்த்திருப்பார். நீங்களோ அதே வார்த்தையை அவருடைய ரகசியம் என்று நினைத்து உங்கள் கணக்கில் ஏற்றுவீர்கள். அவர் கொட்டிய குப்பைக்கு நீங்கள் காசு கட்டுகிறீர்கள்.

2021 நவம்பரில் கூகுள் எல்லா விளம்பரதாரர்களுக்கும் திறந்துவிட்ட பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் வகை விளம்பரத்தில் கீவேர்டு என்று ஒன்றை வாங்குவதே கிடையாது. கூகுளே முடிவு செய்து தேடல் பக்கத்திலும் யூடியூபிலும் ஜிமெயிலிலும் காட்டுகிறது. போட்டியாளர் அதை ஓட்டிக்கொண்டிருந்தால், ரிப்போர்ட்டில் வரும் வார்த்தைகள் எதையும் அவர் தேர்ந்தெடுத்திருக்கவே மாட்டார். இன்னொன்று. 2020 செப்டம்பருக்குப் பிறகு, குறைவான பேர் தேடும் பல வார்த்தைகளைக் கூகுள் விளம்பரதாரருக்கே காட்டுவதில்லை. தன் பணம் எந்தெந்தத் தேடலுக்குப் போனது என்பது முழுசாக அவருக்கே தெரியாது. வெளியிலிருந்து பார்க்கும் டூலுக்கு எப்படித் தெரியும்?

கூகுள் இலவசமாகத் தரும் கீவேர்டு பிளானர் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை வைத்துத்தான் அதிகக் குழப்பம். அதில் ஒரு வெப்சைட் முகவரியைக் கொடுத்தால் கீவேர்டு பட்டியல் வரும். போட்டியாளரின் முகவரியைப் போட்டு எடுத்துவிட்டு, "இதெல்லாம் அவங்க ஓட்டுற கீவேர்டு" என்று சொல்லும் ஏஜென்சிகளைப் பார்த்திருக்கிறேன். அது அப்படி இல்லை. பிளானர் அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்த்து, அதற்குப் பொருத்தமான வார்த்தைகளைச் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த வெப்சைட் வாழ்நாளில் ஒரு ரூபாய்க்கு விளம்பரம் செய்யாமல் இருந்தாலும் பட்டியல் வரும். போட்டியாளர் தன் சேவைகளை எப்படிப் பிரித்து எழுதியிருக்கிறார், எந்தச் சேவையை நாம் மறந்துவிட்டோம் என்று பார்க்க இது நல்ல வழி. அதற்கு மேல் அதிலிருந்து எதுவும் எதிர்பார்க்கக் கூடாது.

பிளானரில் 'காம்படிஷன்' என்று ஒரு பத்தி இருக்கும்: லோ, மீடியம், ஹை. கூகுளில் விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது; எத்தனை விளம்பரதாரர்கள் அந்த வார்த்தைக்கு ஏலம் கேட்கிறார்கள் என்பதைக் காட்டுவது அது. சாதாரணத் தேடல் முடிவில் மேலே வருவது சுலபமா கஷ்டமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. செலவு குறைவான கணக்குகளுக்குத் தேடல் எண்ணிக்கையை 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமாகத்தான் காட்டும். பக்கத்துப் பத்திகளில் இருக்கும் இரண்டு ஏல விலைகள்தான் எனக்கு இதில் பிடித்தவை. ஒன்று கீழ் மட்டம், இன்னொன்று மேல் மட்டம். இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருந்தால், அந்த வார்த்தையில் சிலர் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து நிறையச் சம்பாதிக்கிறார்கள், சிலர் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். இடத்தை 'இந்தியா' என்று விட்டுவிடாமல் உங்கள் ஊருக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். பலர் இதைச் செய்வதில்லை.

தமிழ்த் தேடல்கள் விஷயத்தில் எந்த டூலையும் நான் முழுதாக நம்புவதில்லை. கூகுள் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்தது 2018இல். தமிழ் எழுத்தில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பாதி பாதி கலந்து தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வார்த்தைக்கு நாலு ஸ்பெல்லிங். வெளி டூல்களின் பட்டியலில் இவை பெரும்பாலும் இல்லை, இருந்தாலும் பூஜ்யம் என்று காட்டும். அந்தப் பூஜ்யத்தைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். உங்கள் விளம்பரம் எந்தத் தேடல்களுக்கு வந்தது என்று காட்டும், உங்கள் கணக்கிலேயே இருக்கும் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை வாரம் ஒருமுறை திறந்து பார்த்தால், இந்த வார்த்தைகள் தானாக வந்து நிற்கும். போட்டியாளர் இன்னும் கவனிக்காத, விலை குறைவான வார்த்தைகள் பல நேரம் இங்கேதான் அகப்படுகின்றன.

சரி, போட்டியாளரைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்கலாம், ஆனால் இடம் தெரிந்து பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் கூகுள் திறந்த ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரில் ஒரு நிறுவனத்தின் பெயரையோ வெப்சைட்டையோ கொடுத்தால், அவர்கள் ஓட்டும் விளம்பரங்கள் அப்படியே தெரியும், கடைசியாகக் காட்டப்பட்ட தேதியோடு. கீவேர்டு தெரியாது, சாதாரண வணிக விளம்பரத்துக்குச் செலவும் தெரியாது. ஆனால் அங்கே இருப்பது ஊகம் இல்லை. மாதம் ஒருமுறை போய் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எந்த வாசகம் மாதக்கணக்கில் மாறாமல் ஓடுகிறது, எது வந்த வேகத்தில் காணாமல் போனது என்று தெரியவரும். 'இலவசப் பரிசோதனை' என்று போட்டவர் ஏன் எடுத்தார், 'மாதத் தவணை வசதி' என்று போட்டவர் ஏன் எடுக்கவே இல்லை? நான் முதலில் யோசிப்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான். ஒரு எச்சரிக்கை: மாறாமல் ஓடுவதெல்லாம் லாபத்தில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. விளம்பரம் ஓடிக்கொண்டிருப்பதையே மறந்துவிட்டு, கிரெடிட் கார்டு பில் வரும்போது விழித்துக்கொள்ளும் முதலாளிகளும் நம் ஊரில் உண்டு.

இன்னும் நம்பகமான இடம் உங்கள் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆக்‌ஷன் இன்சைட்ஸ் (Auction Insights), அதாவது ஏல விவரம். நீங்கள் கலந்துகொண்ட அதே ஏலங்களில் வேறு யார் வந்தார்கள், எத்தனை சதவீதம் உங்களோடு சேர்ந்து காட்டப்பட்டார்கள், எத்தனை முறை உங்களுக்கு மேலே நின்றார்கள் என்று கூகுளே சொல்கிறது. மொத்தக் கணக்குக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரு கேம்பெயினுக்கு, கிழமை வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டியாளர் மொத்தமாகக் காணாமல் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் கடை லீவாக இருக்கும். உங்களிடம் அன்று போன் எடுக்க ஆள் இருந்தால், பட்ஜெட்டை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தலாம். விலை கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் எதிலும் இந்த விவரம் இருக்காது. இதே பட்டியலில், நீங்கள் கேள்வியே படாத பெயர்கள் மேலே இருக்கும். ஊரில் போட்டி என்று நினைப்பவர் ஒருவர், ஏலத்தில் உங்களோடு மோதுபவர் பெரும்பாலும் லீட் (விசாரிப்பவர்களின் தொடர்பு விவரம்) விற்கும் ஏதோ ஒரு போர்ட்டல்.

கிளிக் விலை ஏறினாலே போட்டியாளர் மேல் பழி போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க அரசு கூகுள் மேல் தொடுத்த ஏகபோக வழக்கில், 2023 செப்டம்பரில் சாட்சி சொன்ன கூகுள் விளம்பரப் பிரிவு அதிகாரி ஜெர்ரி டிஷ்லர், ஏலத்தில் மாற்றங்கள் செய்து விலையை 5 சதவீதம் வரை ஏற்றியதுண்டு என்று ஒப்புக்கொண்டார். ஆக்‌ஷன் இன்சைட்ஸில் புதிதாக யாரும் வரவில்லை, பழையவர்களின் பங்கும் மாறவில்லை, விலை மட்டும் ஏறியிருக்கிறது என்றால், எதிர்க்கடைக்காரரைத் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை.

கடைசியாக, போட்டியாளரின் பெயரையே கீவேர்டாக வாங்குவது. டூல்கள் இந்த ஆசையைக் கிளப்பிவிடும், ஏனென்றால் பட்டியலில் அதிகத் தேடல் இருப்பது அந்தப் பெயருக்குத்தான். இதில் நம் நீதிமன்றங்கள் நிறையப் பேசியிருக்கின்றன. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னை கான்சிம் இன்ஃபோ நிறுவனம் கூகுள் மேலும் போட்டித் திருமணத் தளங்கள் மேலும் தொடுத்த வழக்கில், 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. 'தமிழ் மேட்ரிமோனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பது அதில் முக்கியக் காரணம். அகர்வால் பேக்கர்ஸ் வழக்கில் 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்றம், டிரேட்மார்க்கைக் கீவேர்டாகப் போடுவது அதைப் 'பயன்படுத்துவது'தான், ஆனால் மக்களைக் குழப்பினால்தான் அது மீறல் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேக்மைட்ரிப் வழக்கிலும் கிட்டத்தட்ட அதே நிலைப்பாடு.

ஆக, குழப்பம் வரக் கூடாது என்பதுதான் கோடு. நடைமுறையில் அந்தக் கோட்டைத் தாண்ட வைப்பது ஒரு சின்ன வசதி: தேடலுக்குப் பொருந்திய கீவேர்டைத் தானாகவே தலைப்பில் சேர்க்கும் டைனமிக் கீவேர்டு இன்சர்ஷன். போட்டியாளரின் பெயர் கீவேர்டாக இருக்கும் ஆட் குரூப்பில் (ஒரே விளம்பரங்களைப் பகிரும் கீவேர்டுத் தொகுப்பில்) அது ஆன் ஆகியிருந்தால், உங்கள் விளம்பரத்தின் தலைப்பிலேயே அவருடைய பெயர் வந்து நிற்கும். வக்கீல் நோட்டீஸுக்கு அந்த ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும். ஏஜென்சியிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். உங்கள் பெயரில் வேறு யாராவது இப்படிச் செய்தால், டிரேட்மார்க் பதிவு இருக்கும் பட்சத்தில் கூகுளிடம் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம். விளம்பர வாசகத்தில் பெயர் வருவதை அவர்கள் கட்டுப்படுத்துவார்கள். கீவேர்டாக வாங்குவதை நிறுத்த மாட்டார்கள்.