காரின் கண்கள் பார்த்தது எங்கே போகிறது?

காரைப் பின்னால் எடுக்கும்போது திரையில் காட்சி தெரிகிறதே, அந்தப் பழைய ரிவர்ஸ் கேமராவுக்கு ஞாபகம் கிடையாது. லென்ஸில் விழுந்த காட்சி வயர் வழியே திரைக்குப் போகும், அதோடு சரி. பின்னால் நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணில் பட்டால் அதன் வேலை முடிந்தது.

இணையத்தோடு இணைந்த இன்றைய கார்களில் கேமராவின் அடிப்படை பெரிதாக மாறிவிடவில்லை. வயரின் மறுமுனையில்தான் மாற்றம். அங்கே இப்போது ஒரு கணினி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணினிக்குக் கைபேசியில் இருப்பதுபோல் ஒரு சிம்மும் இருக்கிறது. அந்தரங்கம் பற்றிய கேள்விகளெல்லாம் இந்தச் சிம்மில் இருந்துதான் தொடங்குகின்றன.

முதலில் உள்ளே பார்க்கும் கேமரா. ஸ்டியரிங் பக்கத்திலோ பின்நோக்குக் கண்ணாடிக்கு மேலேயோ இருக்கும். பெரும்பாலானவை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சிப் படம் எடுப்பதால் இருட்டிலும் வேலை செய்யும்; பல குளிர்கண்ணாடிகளையும் ஊடுருவும். மென்பொருள் அந்தப் படத்தில் கண், மூக்கு, வாய் இருக்கும் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பார்வை எங்கே போகிறது என்று கணக்கிடுகிறது. தூக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய அளவுகோல் உண்டு: ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமைகள் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருந்தன என்பது. அந்த எண் கூடினால் கார் பீப் அடிக்கும்.

இந்த வேலைக்குப் படத்தைச் சேமிக்கவே தேவையில்லை. எண்ணைக் கணக்கிட்டதும் படத்தைத் தூக்கி எறிந்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது. அங்கே தூக்கம், கவனச்சிதறல் பற்றி எச்சரிக்கும் அமைப்புகள் படிப்படியாகக் கட்டாயமாகி வருகின்றன. அவை திரட்டும் தகவல் காருக்குள்ளேயே சுழல வேண்டும், வேலை முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும், மூன்றாம் நபருக்குப் போகக் கூடாது என்கிறது 2019-இல் வந்த விதி. ஆக, பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் படங்கள் ஏன் காரைவிட்டு வெளியே போகின்றன? தானாக ஓட்டவும் பிரேக் போடவும் உதவும் மென்பொருள் படங்களைப் பார்த்துப் பார்த்தே கற்கிறது. சாலையில் கிடப்பது பிளாஸ்டிக் பையா, கல்லா என்று அதற்குத் தெரிய வேண்டுமானால், அப்படிப்பட்ட பல்லாயிரம் படங்களில் ‘இது பை’, ‘இது கல்’ என்று ஒருவர் குறித்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் படங்களை எடுத்துத் தர, விற்ற கார்களே சாலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் அனுப்ப முடியாது. ஒரு கேமரா 20 லட்சம் பிக்சல், நொடிக்கு 30 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு கேமராக்களுக்கு நொடிக்கு 48 கோடி பிக்சல் ஆகிறது. எந்தச் சிம்மும் தாங்காது. அதனால் கார் பொறுக்கி எடுக்கிறது. ஓட்டுநர் சட்டென்று பிரேக் மிதித்தாலோ, மென்பொருள் நினைத்ததற்கு மாறாக ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ, அந்தச் சில நொடிக் காட்சி தனியே வெட்டி எடுக்கப்பட்டு நிறுவனத்தின் சேமிப்புக் கணினியான சர்வருக்குப் போகிறது. எதைப் பொறுக்க வேண்டும் என்பதை நிறுவனம் தொலைவில் இருந்தே மாற்றலாம். கேமராவின் வேலையையே மாற்றலாம். டெஸ்லாவின் மாடல் 3 கார் 2017-இல் வந்தபோதே உள்ளே ஒரு கேமரா இருந்தது. அது ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கத் தொடங்கியது 2021-இல், ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு.

சர்வருக்குப் போன படத்தைக் கடைசியில் மனிதர்கள்தான் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட செய்தி இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2019 முதல் 2022 வரை டெஸ்லா ஊழியர்கள் சிலர், வாடிக்கையாளர்களின் கார்கள் எடுத்த காட்சிகளை அலுவலகச் செய்தித் தளத்தில் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டார்கள் என்று முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். ஆடையில்லாமல் காரை நோக்கி வரும் ஒருவர், சைக்கிளில் வந்த குழந்தை மீது கார் மோதும் காட்சி, வீட்டு கேரேஜின் உட்புறம். அப்படிப் பகிரப்பட்டவற்றில் சினிமாவுக்காகச் செய்த ஒரு நீர்மூழ்கிக் காரும் உண்டு. அந்தக் காரை முன்பே விலைக்கு வாங்கியிருந்தவர் நிறுவனத்தின் தலைவர் எலான் மஸ்க்! இங்கே ஹேக்கர் யாரும் வரவில்லை. நடுவில் யாரும் படிக்க முடியாதபடி எவ்வளவு மறையாக்கம் செய்து பூட்டி அனுப்பினாலும், பெட்டியைத் திறந்து பார்ப்பதையே வேலையாகக் கொண்டவரிடம் அது செல்லாது.

‘உங்கள் பெயரோடு இணைக்க மாட்டோம்’ என்பது நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் உறுதி. ஆனால் காட்சி எடுக்கப்பட்ட இடத்தைத் தங்கள் மென்பொருள் காட்டியதாக அந்த முன்னாள் ஊழியர்கள் சொன்னார்கள். இடம் தெரிந்தால் வீடு தெரியும், வீடு தெரிந்தால் ஆள் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? 15 லட்சம் பேரின் கைபேசி இடத் தகவலை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், இடமும் நேரமும் சேர்ந்த நான்கே நான்கு புள்ளிகள் 95 விழுக்காட்டினரைத் தனியாகப் பிரித்துக் காட்டப் போதுமானதாக இருந்தன. கார் இரவில் நிற்கும் இடமும் பகலில் நிற்கும் இடமுமே இரண்டு புள்ளிகள். இத்தகைய தகவல் பூட்டாத கதவுக்குப் பின்னால் கிடந்த கதையும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் 8 லட்சம் மின்சாரக் கார்கள் பற்றிய தகவல், பல கார்களின் துல்லியமான இடம் உட்பட, சரியாகப் பாதுகாக்கப்படாமல் இருந்தது 2024 டிசம்பரில் தெரியவந்தது. அதில் கேமராப் படம் இல்லை. ஆனால் படங்கள் சேரும் இடமும் இதே மாதிரி சர்வர்தான்.

கார் வைத்திருப்பவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கார்த் திரையின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) தகவல் பகிர்வை அணைக்கலாம். விற்கும் முன் எல்லாவற்றையும் அழித்து, கைபேசிச் செயலியில் இருந்தும் காரை நீக்கலாம். சில கார்களில் பகிர்வை அணைத்தால் வேறு வசதியும் கூடவே போய்விடும், அது எரிச்சலான விஷயம்தான்.

ஆனால் காருக்கு வெளியே நடப்பவருக்கு அணைக்க எந்த செட்டிங்ஸும் கிடையாது, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அவர் எதையும் அழுத்தியதும் இல்லை. நிறுத்திய காரைக் காவல் காக்கும் டெஸ்லாவின் ‘சென்ட்ரி’ வசதியை நெதர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது இதுதான் மையக் கேள்வியாக இருந்தது. பக்கத்தில் போகிற வருகிற எல்லாரையும் கார் படம் பிடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினால் வீட்டுக்குள் நடப்பதெல்லாம் தெரியும். விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நிறுவனம் வசதியை மாற்றியது. 2023 பிப்ரவரியில் ஆணையம் அபராதம் விதிக்காமல் விசாரணையை முடித்தது. அந்த மாற்றத்தின்படி யாராவது காரைத் தொட்டால்தான் பதிவு தொடங்கும், உரிமையாளர் அனுமதித்திருந்தால் மட்டும். பதிவு நடப்பதை அறிவிக்க முகப்பு விளக்குகள் விட்டுவிட்டு ஒளிரும்.