டவ்காட்: கடிதங்களுக்கு ஒரு புறாமாடம்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலைக்கு மெயில் சர்வர் அமைத்துத் தரப் போயிருந்தேன். என்ன மென்பொருள் என்று கேட்ட கணக்காளரிடம் 'டவ்காட்' என்றேன். "காட்டுன்னா கட்டில்தானே சார்?" என்றார்.

இல்லை. படுக்கிற காட், இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல். அதன் வேரே நம் கட்டில்தான் என்று சொல்லும் மொழியியலாளர்கள் உண்டு. டவ்காட்டில் இருப்பது வேறு காட். பழைய ஆங்கிலத்தில் குடிசை என்று பொருள். காட்டேஜ் அதற்கு உறவு. ஆடு அடைக்கும் இடத்துக்கும் அந்தச் சொல் வரும், நம் பக்கத்து ஆட்டுப்பட்டி மாதிரி. டவ் என்றால் புறா. ஐரோப்பாவில் சுவரெங்கும் வரிசையாகப் பொந்து வைத்துப் புறாக்களுக்கென்றே கட்டிடம் கட்டினார்கள். அதுதான் டவ்காட்.

தமிழில் புறாமாடம் என்பேன். மாடப்புறா என்ற பெயருக்குள்ளேயே மாடம் இருக்கிறதே! புறாக்கூண்டு சரிவராது. கூண்டு அடைத்து வைப்பது, மாடம் போய் வர விடுவது.

பின்லாந்துக்காரர் டிமோ சிரைனன் 2002இல் வெளியிட்ட மென்பொருள் இது. ஒவ்வொருவர் அஞ்சல் பெட்டியும் ஒரு பொந்து. கடிதங்கள் அங்கேயே இருக்கும். முதலாளி ஓசூரிலிருந்தும் எட்டிப் பார்க்கலாம். அந்த ஆலையில் அதுவரை பாப் முறை. அலுவலகக் கணினி காலையில் எல்லா மெயிலையும் இறக்கிக்கொண்டு சர்வரைத் துடைத்துவிடும். ஓசூரில் முதலாளி போனைத் திறந்தால் ஒன்றும் இருக்காது. சீசன் நடுவில் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க் போனது, இரண்டு வருட ஆர்டர்களும் போயின. அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

இதற்கு மாற்று ஐமேப் முறை. 1986இல் மார்க் கிரிஸ்பின் வகுத்தது. போனில் படித்த மெயில், அலுவலகக் கணினியிலும் படித்ததாகவே தெரியும். ஐமேப் பேசும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றில் கொரியர் என்பது மெயில்டிர் என்ற முறையில் மட்டுமே சேமிக்கும்: மெயிலுக்கு ஒரு கோப்பு. டவ்காட்டுக்கு அதுவும் சரி, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கோக்கிற பழைய எம்பாக்ஸும் சரி. கூடவே தனியாக அட்டவணைக் கோப்பு வைத்துக்கொள்வதால் பெரிய பெட்டியும் சட்டென்று திறக்கும். நான் அதை எடுத்தது இதற்காகத்தான். ஆனால் வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்க போஸ்ட்ஃபிக்ஸ் போல இன்னொரு மென்பொருள் வேண்டும். மாடம் தபால்காரர் வேலையைச் செய்யாது.

சர்வர் என்பதற்குச் சேவையகம், வழங்கி என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. சேவையகம் என்றதும் கணக்காளருக்கு இ-சேவை மையமும் சாதிச் சான்றிதழும் நினைவுக்கு வந்தன. எனக்கு வழங்கிதான் பிடிக்கும்: கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பொருள். ஆக, டவ்காட் ஓர் அஞ்சல் வழங்கி. பெயரின் பொருள் புறாமாடம்.

வேலை முடிந்து கிளம்பும்போது பார்த்தேன். சர்வர் பெட்டி மேல் கணக்காளர் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்: 'புறாமாடம். ஸ்விட்சை அணைக்காதே.'