குறிஞ்சி பூத்த வருடத்தின் கணக்கு

கொடைக்கானல் பக்கத்துப் பூம்பாறையில் ஹோம்ஸ்டே நடத்தும் அண்ணன் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். “தம்பி, 2030ல குறிஞ்சி பூக்கும்ல? போன தடவை பூத்தப்ப நம்ம வெப்சைட்டுக்கு ஆளுங்க எந்த மாசத்துல இருந்து வர ஆரம்பிச்சாங்கன்னு பாத்துச் சொல்லு. கூட ரெண்டு ரூம் கட்டலாமான்னு ஒரு யோசனை.”

போன தடவை என்றால் 2018. அப்போதும் அவருடைய தளத்தைப் பார்த்துக்கொண்டது நான்தான். அந்த வருடத்துக் கணக்கு முழுவதும், தளத்துக்கு வருபவர்களை எண்ணிச் சொல்லும் கூகுளின் பழைய கருவியான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் இருந்தது. இன்று அது எங்கும் இல்லை. அதை அவரிடம் சொல்வதற்குள் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

நடந்தது இதுதான். கூகுள் தன் புதிய கருவியான ஜிஏ4-ஐ (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) 2020 அக்டோபரில் கொண்டுவந்தது. பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் இலவசக் கணக்குகள் 2023 ஜூலை 1 முதல் புதிய வருகைகளைப் பதிவு செய்வதை நிறுத்தின. பழைய அறிக்கைகளைப் பார்க்க மேலும் ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2024 ஜூலை 1 முதல் அதையும் மூடினார்கள். அந்த ஓராண்டில் பெரிய தளங்களின் கணக்கை மாத வாரியாக இறக்கி வைத்தேன். சின்னத் தளங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். தப்பு என்னுடையது.

பழைய கணக்கு தானாகப் புதுக் கருவிக்குள் வந்துவிடும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். வராது. புதுக் கருவியின் கணக்கு, அதன் நிரலைத் தளத்தில் போட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். சமவெளியில் கடை வைத்திருப்பவருக்குப் போன மாதக் கணக்கு போதுமாக இருக்கலாம். கொடைக்கானலில் அது போதாது. இங்கே ஏப்ரல் முதல் ஜூன் வரை சீசன், பிறகு செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடுதான் வைத்துப் பார்க்க முடியும். குறிஞ்சிக்கோ பன்னிரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

இதன் வலி 2024 மே மாதத்தில் நன்றாகத் தெரிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் மே 7 முதல் இ-பாஸ் வந்தது. “இ-பாஸால தேடுறவங்க எவ்வளவு குறைஞ்சிருக்காங்க?” என்று எல்லா விடுதிக்காரர்களும் கேட்டார்கள். கடைசி நேரத்தில் ஜிஏ4-க்கு மாறியவர்களுக்கு 2023 மே பழைய கருவியில், 2024 மே புதுக் கருவியில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் படியையும் கிலோவையும் ஒப்பிட்டது போல ஆகும். பழைய கருவி முகப்பில் காட்டிய ‘யூசர்ஸ்’ வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை. புதியது காட்டுவது அது ‘ஆக்டிவ்’ என்று கணக்கிடுபவர்களை மட்டும். பெயர் ஒன்று, அளவை வேறு.

வந்ததும் போய்விடுபவர்களின் விகிதமான பவுன்ஸ் ரேட்டிலும் இதே கதைதான். மலைப்பூண்டு விற்கும் அக்கா ஒருவரின் தளத்துக்கு ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைப் பக்கத்தை ஐந்து நிமிடம் படித்துவிட்டு அங்கிருந்தே போன் போட்டு ஐந்து கிலோ சொல்கிறார். வேறு பக்கம் எதையும் திறக்கவில்லை என்பதால் பழைய கருவி அவரை ‘வந்ததும் போய்விட்டவர்’ என்று எழுதும். ஜிஏ4-இல் பத்து வினாடிக்கு மேல் இருந்தாலே அவர் ஈடுபட்டவர். இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தாலோ கூட அப்படித்தான். எனவே கருவி மாறியதும் பவுன்ஸ் ரேட் சரிவது இயல்பு. அதைக் காட்டி, “எங்க வேலையால உங்க தளம் நல்லா முன்னேறியிருக்கு” என்று அந்த அக்காவிடம் ஒருவர் பணம் வாங்கியிருக்கிறார். கேட்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. பூண்டு விற்ற காசு அது.

உங்கள் தளம் ஜிஏ4-க்கு மாறிவிட்டதா என்று தெரியவில்லையென்றால், அனலிட்டிக்ஸ் கணக்கைத் திறந்து பாருங்கள். தாங்களாக மாறாதவர்களுக்கு 2023-இல் கூகுளே பல புதுக் கணக்குகளைத் தொடங்கிக் கொடுத்தது. அவை பெரும்பாலும் யாரும் கைவைக்காத நிலையிலேயே இருக்கின்றன. நான் முதலில் பார்ப்பது தரவு தக்கவைப்பு என்ற அமைப்பை, அதாவது வருகை விவரங்களை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதை. இலவசக் கணக்கில் அது இரண்டு மாதம் என்றே இருக்கும். அதிகபட்சம் பதினான்கு மாதம் வைக்கலாம். வழக்கமான அறிக்கைகளுக்கு இதனால் பாதிப்பில்லை. ஆனால் எக்ஸ்ப்ளோரேஷன் பகுதியில் தோண்டிப் பார்க்கும்போது போன சீசன் காணாமல் போயிருக்கும். இன்றே மாற்றுங்கள்.

அடுத்து நேர மண்டலம். வத்தலகுண்டு மலைச்சாலையில் இருக்கும் ஒரு விடுதியின் கணக்கில் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் குவிந்திருந்தது. அதை நம்பி, காலையில் போன் எடுக்க ஒரு பையனை வைத்திருந்தார்கள். அமைப்பைப் பார்த்தால் லாஸ் ஏஞ்சல்ஸ் நேரம்! கோடையில் நமக்கும் அதற்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே இரவு ஒன்பதரைக்குச் சாப்பிட்டுவிட்டு ரூம் தேடுபவர்கள் அங்கே காலை ஒன்பது மணிக்காரர்களாக நின்றிருக்கிறார்கள். மண்டலத்தை மாற்றினால் அதற்குப் பின் வருவதுதான் சரியாகும், பழையது அப்படியே நிற்கும்.

உங்கள் வீட்டு வைஃபையிலிருந்து நீங்களே தளத்தைப் பார்ப்பதையும் விலக்குங்கள். நாளுக்கு இருபது பேர் வரும் தளத்தில் உங்கள் ஆறு முறை பெரிய எண்ணிக்கை. இதற்கென ஜிஏ4-இல் உள்ள வடிகட்டி முதலில் ‘சோதனை’ நிலையில்தான் இருக்கும். இயக்கத்துக்கு மாற்றினால்தான் வேலை செய்யும்.

மலைக்காரர்களுக்கு முக்கியமானது போன் அழைப்பு. நம் ஊரில் புக்கிங் பாதி போனில், பாதி வாட்ஸ்அப்பில். வாட்ஸ்அப் இணைப்பை அழுத்தினால் ஜிஏ4 அதை வெளித்தளக் கிளிக்காகப் பிடித்துவிடும். போன் எண்ணை அழுத்துவதைத் தானாகப் பிடிக்காது. தளத்தில் இப்படிப்பட்ட கண்காணிப்பு நிரல்களைச் சேர்க்க உதவும் கூகுளின் டேக் மேனேஜரில் அதற்கென ஒரு நிகழ்வை உருவாக்கி, ஜிஏ4-இல் முக்கிய நிகழ்வாகக் குறிக்க வேண்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் “வெப்சைட்டால எனக்கு ஒண்ணும் வரல” என்று தளத்தையே மூடியவர்களை எனக்குத் தெரியும்.

நாளை வேறு கருவிக்கு மாறினாலும், ஒரு முழு சீசனாவது பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓடவிடுங்கள். மாதம் ஒரு முறை வருகை, ஊர், வந்த வழி, போன் கிளிக் ஆகிய நான்கையும் இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள்.

அண்ணன் வீட்டுக்கு மறுவாரம் நேரில் போனேன். அவர் பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வைத்தார். ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவருடைய அம்மா ஓரத்தை விரலால் மெதுவாகப் பிரித்துக் கொடுத்தார். தேதி, பெயர், ஊர், வண்டி எண். கடைசிக் கட்டத்தில் அண்ணியின் கையெழுத்தில் சில இடங்களில் ‘பூ பாக்க’ என்று எழுதியிருந்தது. நான் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் படிக்கப் படிக்க ஊரையும் தேதியையும் எக்செலில் ஏற்றினோம். மின்சாரம் போனபோது 2018 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இருந்தோம். வரும் ஞாயிறு மீதியை முடிக்கப் போகிறேன்.